ஸ்பிரிங் உடைந்தால் "கொஞ்சம் கெட்டியா குடுங்க" என்று கேட்காதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள். நடுவில் கணக்கு வரும், பெருக்கல் வகுத்தலுக்கு மேல் எதுவும் இல்லை. கணக்கு வேண்டாம் என்கிற சொந்தக்காரர்கள் அந்த இரண்டு பத்திகளைத் தாண்டி, ஷட்டர் பற்றி எழுதியிருக்கும் இடத்துக்குப் போய்விடலாம். அதை மட்டும் கண்டிப்பாகப் படியுங்கள்.

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் ஸ்பிரிங் பற்றிக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் சின்னதாகப் பட்டறை நடத்தும் மாணவர். இன்னொருவர் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கும் மாணவர். மூன்றாமவர் கடை வைத்திருக்கும் நம் சொந்தக்கார மாப்பிள்ளை. மூவரும் கேட்டது டார்ஷன் ஸ்பிரிங் பற்றித்தான். இழுக்கிற ஸ்பிரிங்கும் இல்லை, அமுக்குகிற ஸ்பிரிங்கும் இல்லை. இரண்டு பக்கமும் கால் நீட்டிக்கொண்டு, ஒரு பின்னைச் சுற்றி உட்கார்ந்து, திருப்பினால் எதிர்த்துத் திரும்பும் ஸ்பிரிங். கொடியில் துணிக்குப் போடும் கிளிப், எலிப்பொறி, பரீட்சை அட்டையின் கிளிப், பைக்கில் உதைத்த கிக்கரை மேலே கொண்டுவரும் ஸ்பிரிங் எல்லாம் இந்த ஜாதி.

மூவரும் ஒரே மாதிரி முடித்தார்கள். "அதே அளவுலதான் வாங்கினேன், இன்னும் சொல்லப்போனா கொஞ்சம் கெட்டியாவே போட்டேன், அப்படியும் உடைஞ்சிருச்சு."

அப்படியும் உடையவில்லை அப்பா, அதனால்தான் உடைந்தது. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

முதலில் பெயரே நம்மை ஏமாற்றுகிறது. டார்ஷன் என்றால் முறுக்கு. ஆனால் டார்ஷன் ஸ்பிரிங்கில் கம்பி முறுக்கப்படுவதில்லை, வளைக்கப்படுகிறது. கம்ப்ரஷன் ஸ்பிரிங்கை அமுக்கும்போதுதான் அதன் கம்பி உள்ளுக்குள் முறுக்கப்படுகிறது. பெயர் வைத்தவர்கள் வெளியே நடக்கும் வேலையைப் பார்த்து வைத்துவிட்டார்கள். பாடத்திட்டத்தில் கம்ப்ரஷன் ஸ்பிரிங்குக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு, டார்ஷன் ஸ்பிரிங்குக்கு ஓரமாக ஒரு சூத்திரம்தான். வெளியே போய் வேலை பார்க்கும் பிள்ளைகள் கம்ப்ரஷன் ஸ்பிரிங்கின் நினைப்பிலேயே இதையும் வாங்குகிறார்கள். இது பாடத்திட்டம் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

வளைவது என்று தெரிந்துவிட்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி. வீட்டில் தென்னந்துடைப்பம் இருந்தால் ஒரு ஈர்க்கை உருவிக்கொள்ளுங்கள். வளையமாகவே வளைக்கலாம், உடையாது. அதே நீளத்துக்கு விரல் பருமனில் ஒரு காய்ந்த குச்சியை எடுத்து அதே வளையமாக வளைத்துப் பாருங்கள். பாதி தூரம்கூடப் போகாது, படார் என்று முறியும். குச்சி பலமானதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரே அளவு வளைக்கும்போது, பருமனான பொருளின் வெளிப்பக்கத் தோல் அதிகமாக இழுபடும், உள்பக்கத் தோல் அதிகமாக நசுங்கும். பருமன் இரண்டு மடங்கானால் இந்த இழுப்பும் இரண்டு மடங்கு. தடியான குச்சியையும் உடையாமல் அவ்வளவு திருப்ப ஒரு வழி உண்டு. நீளமான குச்சியாக எடுக்க வேண்டும்.

டார்ஷன் ஸ்பிரிங் என்பது ஒரு நீளமான கம்பியை இடத்துக்கு அடக்கமாகச் சுருட்டி வைத்த வடிவம், அவ்வளவுதான். அதில் நாம் காசு கொடுத்து வாங்குவது கம்பியின் நீளத்தை.

இப்போது பட்டறை மாணவரின் கதைக்கு வருகிறேன். பெஞ்ச் டிரில்லிங் மெஷினில் சக்கைச் சுற்றி நிற்கும் பாலிகார்பனேட் தடுப்பு, அவர்களே செய்தது. கதவு மாதிரிப் பக்கவாட்டில் திறக்கும். ஆபரேட்டர் ஜாபை மாட்டும்போது 70 டிகிரி திறப்பார். கையை விட்டால் தானாக மூட வேண்டும், அதற்குத்தான் கீலில் ஸ்பிரிங். அங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். சுற்றும் சக்கில் துப்பட்டாவோ, பின்னலோ, சேலைத் தலைப்போ சிக்கினால் என்ன ஆகும் என்று பட்டறை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் போட்ட ஸ்பிரிங் சில மாதத்தில் தளர்ந்தது. தடுப்பு முழுதாக மூடாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றது. தளர்ந்த ஸ்பிரிங்கையே சாம்பிளாகக் கொடுத்து இன்னொன்று வாங்கினார்கள். அதுவும் மூடவில்லை. மூடாது! தளர்ந்துபோன ஸ்பிரிங்கின் கால்கள் ஏற்கெனவே கோணம் மாறியிருக்கும். அதைப் பார்த்துச் செய்தவர் அந்தத் தளர்ச்சியையும் சேர்த்து அப்படியே நகல் எடுத்துக் கொடுத்திருப்பார். "ஸ்பிரிங் - 1, சாம்பிள்படி" என்று ஆர்டர் எழுதுகிற பர்ச்சேஸ் தம்பிகள் இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள்.

அதன் பிறகுதான் "கெட்டியா போடு" வந்தது. 2 மி.மீ. கம்பிக்குப் பதில் 2.5 மி.மீ. கம்பி. இப்போது தடுப்பு நன்றாக மூடியது, அறைகிற மாதிரி மூடியது. ஒரு ஷிப்டில் 300 தடவை அதைத் திறக்கிற பெண்ணுக்கு மணிக்கட்டு வலி வந்தது. ஒரு நாள் கட்டுக்கம்பி வைத்துத் தடுப்பைத் திறந்தபடியே கட்டிவிட்டார்கள். மெஷின் ஓடுகிறது, தடுப்பு சும்மா தொங்குகிறது. கட்டியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் கட்டியிருப்பேன். சில வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து ஓட்டியபோது அந்த ஸ்பிரிங்கும் முறிந்தது.

இனி கணக்கு. கம்பி 2 மி.மீ., சுருளின் சராசரி விட்டம் 16 மி.மீ., 5 சுற்று. எஃகின் மீள்தன்மை எண் சதுர மில்லிமீட்டருக்கு 2,06,000 நியூட்டன். ஒரு டிகிரி திருப்ப எவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்பதற்கு, அந்த எண்ணைக் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கால் பெருக்கி, 3,888, சுருள் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை மூன்றாலும் வகுக்க வேண்டும். விடை 10.6 நியூட்டன் மில்லிமீட்டர். மூடியிருக்கும்போதே 20 டிகிரி முறுக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி விரற்கடை மூடாது. திறப்பது 70. ஆக மொத்தம் 90 டிகிரி. அப்போது முறுக்குவிசை 954. கீலிலிருந்து 100 மி.மீ. தள்ளிக் கைப்பிடி இருந்தால் கைக்குத் தெரிவது சுமார் ஒரு கிலோ. நியாயமான அளவுதான். கம்பியின் உள்பக்கத் தோலில் வரும் தகைவு, வளைவுத் திருத்தம் சேர்த்து, சுமார் 1,340. இந்த அளவில் நல்ல பலமான ஸ்பிரிங் கம்பியின் இழுவிசை வலிமை 2,000-ஐ ஒட்டி இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு. எப்போதாவது திறக்கும் பெட்டி மூடிக்கு இது தாங்கும். ஒரு நாளைக்கு 300 என்றால் வருடத்துக்கு 90,000 முறை. அதற்கு இது தாங்காது, பாதிக்கு மேல் போகக்கூடாது. ஆக முதல் ஸ்பிரிங்கே சரியான தேர்வு இல்லை.

அடுத்தது 2.5 மி.மீ. கம்பி. நான்காம் அடுக்கு என்பதால் கால் பங்கு பருமன் கூட, விறைப்பு 2.44 மடங்கு ஆகிறது. தகைவு 1,700-ஐத் தாண்டுகிறது, கம்பியோ பருமன் கூடக்கூடச் சதுர மில்லிமீட்டருக்கான வலிமையில் சற்றுக் குறையும். இதோடு நிற்கவில்லை. பழைய ஸ்பிரிங்கின் நீளத்துக்குள் அடங்க வேண்டும் என்று 5 சுற்றை 4 ஆக்கியிருக்கிறார்கள். இப்போது கைப்பிடியில் 3 கிலோ. கணக்குப்படி வரும் தகைவு 2,100-க்கு மேல், அதாவது கம்பியின் வலிமையையே தாண்டுகிறது. இந்த ஸ்பிரிங் தளர்ந்தாக வேண்டும் அல்லது முறிந்தாக வேண்டும், வேறு வழி அதற்கு இல்லை.

தீர்வு என்ன தெரியுமா? அதே 2.5 மி.மீ. கம்பி, அதே 16 மி.மீ. விட்டம், ஆனால் 12 சுற்று. முறுக்குவிசை 970, கைக்குப் பழையபடி ஒரு கிலோ. தகைவு 715, கம்பியின் வலிமையில் பாதிகூட இல்லை. கீலில் தகடுகளுக்கு நடுவே 40 மி.மீ. இடம் இருந்தது. 12 சுற்று ஸ்பிரிங்குக்கு வேண்டியது 33 மி.மீ. இடம் முதல் நாளிலிருந்தே சும்மா கிடந்தது, யாரும் அளந்து பார்க்கவில்லை. கெட்டிக் கம்பி போட்டதைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குத் தேவையான நீளம் கொடுக்காமல் போட்டதுதான் குறை.

அந்த மாணவர் ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. "சார், ஸ்பிரிங் உள்ளே போகும் பின் 13.5 மி.மீ., ஸ்பிரிங்கின் உள்விட்டம் முதலில் 14, அப்புறம் ஏன் சுருள் பின்னைக் கவ்வி, அந்த இடத்தில் தேய்மானம்?" டார்ஷன் ஸ்பிரிங் முறுக முறுகச் சுருள் சின்னதாகும். ஜடை பின்னும்போது இறுக்கினால் மெலிவது மாதிரி. 5 சுற்று ஸ்பிரிங் கால் சுற்று கூடுதலாகச் சுற்றினால் 5.25 சுற்று, கம்பியின் நீளமோ அதேதான். 16-ஐ 5-ஆல் பெருக்கி 5.25-ஆல் வகுத்தால் 15.24. உள்விட்டம் 14-லிருந்து 13.24 ஆகிவிட்டது. 13.5 பின் எப்படிச் சுற்றவிடும்? கவ்விப் பிடிக்கும், கவ்விய இடத்துக்கு மேல் கம்பி வளையாது, மிச்சமிருக்கும் சுற்றுகள் எல்லாப் பாரத்தையும் சுமக்கும். முழுதாக முறுகிய நிலையில் உள்விட்டம் எவ்வளவோ, அதில் பத்தில் ஒன்பது பங்குதான் பின் இருக்க வேண்டும். இங்கே 12 மி.மீ. போதும். சுருள் மெலிவதோடு நீளமும் கொஞ்சம் கூடும், அதனால் பக்கத் தகடுகளுக்கு நடுவே இறுக்கமாகச் சொருகக் கூடாது.

இன்னொன்று, சுற்றின் திசை. இதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஒரு சாதாரண போல்ட்டை ஸ்பிரிங் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். போல்ட் மரை சாய்கிற பக்கமே சுருளும் சாய்ந்தால் வலது சுற்று, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் இடது சுற்று. பாரம் வரும்போது சுருள் மேலும் இறுகும் திசையில்தான் வேலை செய்ய வேண்டும், விரியும் திசையில் கூடாது. காரணம் உண்டு. நேரான கம்பியைக் குளிர்நிலையில் சுருட்டும்போது அது தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்த்து, பாதியில் நின்றுவிடும். அந்த நிலையில் சுருளின் உள்பக்கத் தோலில் ஒரு இழுப்பு மிச்சமாக ஒளிந்திருக்கும். இறுகும் திசையில் பாரம் கொடுத்தால் உள்பக்கம் நசுங்கும், அந்த ஒளிந்திருக்கும் இழுப்பு பாரத்துக்கு எதிராக நின்று நமக்கு உதவும். விரிக்கும் திசையில் கொடுத்தால் இழுப்போடு இழுப்பு சேரும். வளைவில் தகைவு அதிகமாக வருவதும் அதே உள்பக்கத்தில்தான். விரிசல் அங்கிருந்து கிளம்பும். ஒரு கீலின் இரண்டு முனையிலும் ஸ்பிரிங் போடுவதாக இருந்தால் ஒன்று வலது, ஒன்று இடது வேண்டும். இரண்டையும் ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, "ஒரு பக்கம் மட்டும் உடையுது சார்" என்றால் நான் என்ன செய்ய?

கம்பி பற்றி ரொம்பச் சொல்லப்போவதில்லை. ஐ.எஸ். 4454 என்று கேட்டு வாங்குங்கள். அதில் எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் தரங்கள் நிலையான பாரத்துக்கு, டி என்று தொடங்குபவை மாறி மாறி வரும் பாரத்துக்கு. டிரில்லிங் மெஷின் தடுப்புக்கு டி.எச். துருப்பிடிக்கிறது என்று ஸ்டெயின்லெஸுக்கு மாற்றினால் விசையும் கொஞ்சம் குறையும், வலிமையும் குறையும், மறுபடி கணக்குப் போட வேண்டும். துருவுக்கு ஜிங்க் முலாம் போடுகிறேன் என்று யார் கடையிலாவது கொடுத்து வாங்குபவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிட்டில் கழுவும்போதும் முலாம் போடும்போதும் ஹைட்ரஜன் கம்பிக்குள் புகுந்துவிடும். முலாம் போட்ட கையோடு 200 டிகிரி அளவில் சில மணி நேரம் சூடுபடுத்தி அதை வெளியேற்ற வேண்டும். செய்யாவிட்டால் மாட்டிய ஸ்பிரிங் மறுநாள் காலையில் யாரும் தொடாமலே இரண்டாகக் கிடக்கும். பேய் பிசாசு வேலை இல்லை அது.

கால் வளைவும் அப்படித்தான். சுருளிலிருந்து கால் பிரியும் இடத்தில் கூர்மையாக மடித்தால் அங்கேதான் முதலில் விடும். மடிப்பின் உள்ளாரம் கம்பியின் பருமன் அளவாவது இருக்கட்டும்.

இப்போது சொந்தக்காரர்கள் எல்லோரும் வாருங்கள், ஷட்டர் விஷயம்.

கடை ஷட்டரின் மேலே உருளைக்குள் இருப்பதும் இதே வேலை செய்யும் ஸ்பிரிங்தான். சில ஷட்டரில் பட்டைச் சுருள், சிலவற்றில் கம்பிச் சுருள், இரண்டிலும் எஃகு வளைகிறது. ஷட்டரை இறக்கும்போது உருளை எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அத்தனை சுற்று ஸ்பிரிங்கும் முறுகும். அந்தச் சுற்றை நீங்கள் மாற்ற முடியாது, ஷட்டரின் உயரம் தீர்மானித்துவிட்டது. கெட்டியான ஸ்பிரிங் போட்டால் டிரில்லிங் மெஷின் கதைதான் இங்கேயும். மாப்பிள்ளை கடையில் அதுதான் நடந்தது. முதலில் ஷட்டர் கையை விட்டதும் மேலே பறந்தது, இறக்கிப் பூட்ட இரண்டு ஆள் வேண்டியிருந்தது, பிறகு ஒரு நாள் உள்ளே முறிந்தது. ஷட்டரின் எடையைச் சொல்லி, உயரத்தைச் சொல்லி, உருளையின் விட்டத்தைச் சொல்லித்தான் ஸ்பிரிங் கேட்க வேண்டும். கடைக்காரர் இந்த மூன்றையும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தால் வேறு கடை பாருங்கள்.

இன்னும் முக்கியமானது. 60 கிலோ ஷட்டர், அதன் எடை மையம் 1.2 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், இறக்கிய நிலையில் ஸ்பிரிங்கில் ஏறியிருக்கும் ஆற்றல் சுமார் 700 ஜூல். 10 கிலோ கல்லை 7 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் என்ன வேகமோ அவ்வளவு. ஷட்டரை முழுக்க ஏற்றிவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்று நம்ப வேண்டாம். மேலேயே நிற்பதற்காக முன்கூட்டியே சில சுற்று முறுக்கித்தான் பூட்டியிருப்பார்கள், அந்த முறுக்கு எப்போதும் உள்ளே இருக்கும். ஏணி போட்டு ஏறி, பைப் ரிஞ்சை வைத்து நாமே கழற்றிப் பார்க்கலாம் என்று யாரும் இறங்காதீர்கள். ரிஞ்ச் சுழன்றால் முகத்துக்கு நேராகத்தான் வரும். மாப்பிள்ளை ஏணி வரைக்கும் போயிருக்கிறார், தங்கச்சி சத்தம் போட்டதால் இறங்கினாராம். அவள் சத்தம் போட்டது சரி.

பர்ச்சேஸ் பார்க்கும் மாணவரிடம் நான் சொன்னதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன். அவர் வாதம், "சார், ஒரு ஸ்பிரிங் இருபது ரூபாய். அதுக்குப் போய் டிராயிங் போடச் சொன்னா மேலே சிரிப்பாங்க." சிரிக்கட்டும். இருபது ரூபாய் ஸ்பிரிங் உடைந்தால் மெஷின் நிற்கும் நேரத்துக்கு யார் கணக்குப் போடுவது? தடுப்பைக் கட்டுக்கம்பியால் கட்டிய நாட்களில் ஒரு பின்னல் சிக்கியிருந்தால் அதற்கு எந்தக் கணக்கு? டிராயிங்கூட வேண்டாம், ஒரு அரைப் பக்கத் தாள் போதும். மூடிய நிலையில் எத்தனை டிகிரி, திறந்த நிலையில் எத்தனை டிகிரி, அந்த இரண்டு இடத்திலும் வேண்டிய விசை, எவ்வளவு தூரத்தில் அந்த விசை, பின்னின் விட்டம், பக்கத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடம், வலதா இடதா, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எண்ணெயா தண்ணீரா வெயிலா. இதை எழுதிக் கொடுத்தால் கம்பியின் பருமனையும் சுற்றுகளையும் ஸ்பிரிங் செய்பவர் தீர்மானிப்பார், அது அவர் தொழில். நாம் பருமனைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விடுவது, டாக்டரிடம் நோயைச் சொல்லாமல் மாத்திரையின் கலரைச் சொல்வது மாதிரி.

அந்தப் பட்டறையில் 12 சுற்று ஸ்பிரிங் போட்டு இப்போது ஆறு வாரம் ஆகிறது. கட்டுக்கம்பியை அவிழ்த்துவிட்டார்களா என்றுதான் நான் முதலில் கேட்டேன். அவிழ்த்துவிட்டார்களாம். மற்ற மூன்று மெஷின்களின் கீலையும் அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை. தம்பி, இதைப் படித்தால் அனுப்பு.

மற்றவர்களும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள். போட்டோ மட்டும் அனுப்பி "சார், இது என்ன அளவு?" என்று கேட்க வேண்டாம், போட்டோவில் வெர்னியர் வைக்க எனக்குத் தெரியாது. கம்பியின் பருமன், வெளிவிட்டம், சுற்றுகள், கால்களின் நீளம், எத்தனை டிகிரி திரும்புகிறது, இவ்வளவும் அளந்து எழுதுங்கள். சாயங்காலம் 5 மணிக்கு மேல் போன் பண்ணலாம். மத்தியானம் தூங்குவேன்.